ஆயில் அலாரம் அடிக்கிறது, ஆனால் டேங்கில் ஆயில் இருக்கிறது: அவுட்போர்டு ஆயில் இன்ஜெக்ஷன் கோளாறு

துடுப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 150 குதிரைத்திறன் வி-6 அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் என்ஜின்), டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர் மாடல். படகின் பின்பக்கம் ஒரு பெரிய ஆயில் டேங்க், என்ஜின் மூடிக்குள் ஒரு சின்ன ஆயில் டேங்க். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை, பம்பே பார்த்துக்கொள்ளும்.

கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. வேகம் பிடித்துக் கொஞ்ச நேரம் ஓடியதும் விட்டுவிட்டு பீப் அடிக்க ஆரம்பிக்கிறது. வேகத்தைக் குறைத்தாலும் நிற்பதில்லை. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் அதே பீப். படகு டேங்கில் முக்கால்வாசி ஆயில் இருக்கிறது. என்ஜினிலிருந்து தண்ணீர் பீச்சுவதும் நன்றாகவே இருக்கிறது, சூடு ஏறியதாகத் தெரியவில்லை.

ஒரு மெக்கானிக் பம்ப் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். இன்னொருவர் இந்த அமைப்பையே கழற்றிப் போட்டுவிட்டு பெட்ரோலில் கலந்து ஓட்டு என்கிறார். இரண்டில் எதைச் செய்யட்டும்?

கடல்காற்று எழுதியது:

கலந்து ஓட்டுவதுதான் என் கருத்து. கையால் அளந்து ஊற்றிய ஆயில் என்ஜினுக்குள் போகிறதா என்ற சந்தேகமே வராது. பம்ப், கியர், சென்சார், குழாய் என்று கெட்டுப்போக எத்தனை இடம்! நடுக்கடலில் பம்ப் நின்றால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். 50:1 கலந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சுக்கான் எழுதியது:

துடுப்பு தம்பி, கழற்றுவதும் வேண்டாம், பம்ப் வாங்குவதும் வேண்டாம். இன்னும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லையே.

முதல் வேலை இது. இந்தக் கோளாறு தீரும்வரை தனி கேனில் 50:1 கலந்த பெட்ரோலில் ஓட்டுங்கள். லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் கேன் என்றால் அரை லிட்டர். பம்ப் வேலை செய்துகொண்டிருந்தால் ஆயில் இரட்டிப்பாகப் போகும், புகை கூடும், பிளக் கொஞ்சம் கறுக்கும், வேறு கெடுதல் இல்லை. பம்ப் நின்றிருந்தால் அந்தக் கலவைதான் என்ஜினைக் காப்பாற்றும். ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி அடியில் ஆயில் தேங்கி நிற்கிற என்ஜின் இல்லை இது. கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அந்தந்த நொடி வந்து சேருகிற ஆயில்தான் எல்லாம்.

அடுத்தது அலாரம். பல மாடல்களில் ஆயிலுக்கும் சூட்டுக்கும் ஒரே ஹார்ன்தான். விட்டுவிட்டு அடித்தால் இது, நிற்காமல் அடித்தால் அது என்பது கம்பெனிக்குக் கம்பெனி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். தண்ணீர் பீச்சுகிறது என்பதால் மட்டும் சூடு ஏறவில்லை என்று சொல்லிவிட முடியாது. கரையில் வைத்து, அலாரம் அடிக்கும்போது ஆயில் டேங்க் சென்சாரின் ஒயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆயில் பக்கம். நிற்காவிட்டால் டெம்பரேச்சர் ஸ்விட்ச் பக்கம் தேட வேண்டும். பார்த்ததும் ஒயரை மாட்டிவிடுங்கள். அதைக் கழற்றியபடியே விட்டுவிட்டு ஓட்டுவதுதான் என்ஜினுக்கு ஆகப்பெரிய கெடுதல்.

இன்னும் ஒன்று தெரிய வேண்டும். படகு டேங்கிலிருந்து என்ஜினுக்கு என்னென்ன போகின்றன? இரண்டு ஹோஸா, அல்லது ஒரு ஹோஸும் சில ஒயர்களுமா? என்ஜின் மேல் இருக்கும் சின்ன டேங்கில், அலாரம் அடிக்கிற சமயத்தில், ஆயில் எந்த மட்டத்தில் நிற்கிறது?

துடுப்பு எழுதியது:

அண்ணா, கலந்த பெட்ரோலுக்கு மாறிவிட்டேன். சென்சார் ஒயரைக் கழற்றியதும் சத்தம் நின்றது, மாட்டியதும் திரும்ப அடித்தது. ஆக, ஆயில்தான்.

படகு டேங்கிலிருந்து இரண்டு ஹோஸ் போகிறது, ஒயர் எதுவும் இல்லை. சின்ன டேங்கின் பிளாஸ்டிக் பழுப்பேறிப்போய் வெளியிலிருந்து சரியாகத் தெரியவில்லை. பின்பக்கம் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தபோது ஆயில் கோடு தெரிந்தது. பாதிக்கும் கீழே நிற்கிறது. ஓட்டத்துக்கு முன்னால் கையால் ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் கிளம்பினேன்.

சுக்கான் எழுதியது:

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. நீங்கள் பம்ப் வாங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பம்ப் நின்றிருந்தால் சின்ன டேங்க் குறையவே குறையாது. அதிலிருந்து ஆயிலை எடுப்பதே பம்ப்தான். நிரப்பிய டேங்க் ஓட்டத்தில் பாதிக்குக் கீழே போயிருக்கிறது என்றால் பம்ப் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது இழுக்கிற அளவுக்குப் பின்னாலிருந்து வந்து நிரம்பவில்லை, அவ்வளவுதான். என்ஜின் மூடிக்குள் எங்காவது ஆயில் வழிந்து கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். கிடந்தால் கணக்கு மாறும்.

இரண்டு ஹோஸ் உள்ள அமைப்பில் படகு டேங்குக்கென்று பம்ப் கிடையாது. கிராங்க் கேஸுக்குள், அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறைக்குள், உண்டாகிற அழுத்தத்தில் கொஞ்சத்தை ஒரு செக் வால்வு (ஒருவழி வால்வு) வழியாக முதல் ஹோஸில் படகு டேங்குக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காற்று ஆயிலை மேலிருந்து அமுக்கும். ஆயில் இரண்டாவது ஹோஸ் வழியாகச் சின்ன டேங்குக்கு ஏறும். அங்கிருந்து பம்புக்கு இறங்கும். படகு டேங்க் காற்றுப் புகாமல் மூடியிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அழுத்தம் வெளியே போய்விடும். ஆயில் டேங்க் நிறைய இருக்கும், என்ஜினுக்கு ஒரு சொட்டும் ஏறாது.

சின்ன டேங்க் நிறைந்திருந்தால் ஏறத்தாழ அரைமணி நேர முழு வேக ஓட்டத்துக்குக் காணும். அதனால்தான் கிளம்பும்போது ஒன்றும் தெரியாமல், ஓடிக் கொஞ்ச நேரம் கழித்து உங்களுக்கு பீப் வருகிறது. மிதவை கீழே இறங்கி சென்சாரைத் தொட்டதும் ஹார்ன் அடிக்கிறது. அந்த அலாரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

அடுத்து என்ன செய்வது? என்ஜினை ஓட்டி நிறுத்திய கையோடு படகு டேங்க் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று வெளியேற வேண்டும். வரவில்லை என்றால் டேங்கில் அழுத்தம் ஏறவில்லை. மூடியின் ரப்பரைக் கழற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். தட்டையாகி, ஓரம் வெடித்து, கல் மாதிரி இறுகியிருந்தால் அதுதான் ஆள். ஹோஸ் நுழையும் இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை மட்டும் டேங்குக்குள் விடாதீர்கள். இது சில பவுண்டு அழுத்தத்துக்குச் செய்த பிளாஸ்டிக், வெடித்துவிடும்.

கடல்காற்று எழுதியது:

சுக்கான் அண்ணன் சொல்வது நியாயம்தான். ஆனால் இவ்வளவு வேலைக்கும் கலந்து ஓட்டுவது எளிதில்லையா?

சுக்கான் எழுதியது:

கலந்து ஓட்டினால் கெட்டுப்போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய என்ஜின்கள் எல்லாம் அப்படி ஓடியவைதான். ஆனால் கழற்றுகிற விதத்தில்தான் பலர் என்ஜினைக் கெடுக்கிறார்கள். கிராங்க் கியரால் சுற்றும் பம்பில் ஆயில் வரும் குழாயை மட்டும் உருவி அடைத்துவிட்டால், பம்ப் உலர்ந்த நிலையில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் இறுகும், கியர் பல் உதிரும், அந்தத் துகள் கிராங்க் பக்கம் போகும். பம்பையே கழற்றி, அதன் கியரையும் எடுத்து, வாயைத் தகடு போட்டு மூடினால்தான் அது முறையான வேலை. அலாரம் மாட்யூல் பம்ப் சுற்றுகிறதா என்று கண்காணிக்கும் மாடல் என்றால் அதையும் கவனிக்க வேண்டும்.

அப்புறம், கலந்து ஓட்டினால் ஐட்லிங்கிலும் 50:1தான், முழு வேகத்திலும் 50:1தான். த்ராட்டிலோடு இணைந்த பம்ப் மெதுவாக ஓடும்போது ஆயிலைக் குறைத்து, 100:1 அளவுக்கோ அதற்கும் மெலிதாகவோ கொடுக்கும். வலை விரித்து மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டுகிறவருக்குப் புகையிலும் பிளக்கிலும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நங்கூரம் எழுதியது:

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஆயில் கலப்பது, சோதனைக்கானாலும் நிரந்தரமாகவானாலும், கார்புரேட்டர் என்ஜினுக்குத்தான் பொருந்தும். கிராங்க் கேஸ் வழியாகப் பெட்ரோல் போகிற இன்ஜெக்ஷன் மாடல்களுக்கும் சரி. மெர்க்குரி ஆப்டிமேக்ஸ், எவின்ரூட் இ-டெக், யமஹா எச்பிடிஐ, டொஹாட்சு டிஎல்டிஐ போன்றவற்றில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. கிராங்க் கேஸுக்குள் வருவதே இல்லை. அவற்றில் நீங்கள் எவ்வளவு கலந்தாலும் கிராங்க் பேரிங்குக்கு அந்த ஆயில் போய்ச் சேராது. ஆயில் பம்ப் நின்றுவிட்டால் கலந்து ஓட்டிக் கரை சேரலாம் என்ற நினைப்பே வேண்டாம். அணைத்துவிட்டு இழுத்துக்கொண்டு வருவதுதான் வழி. 2020-இல் எவின்ரூட் உற்பத்தி நின்ற பிறகு இ-டெக் என்ஜின்களைப் பழையதாக வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

துடுப்பு எழுதியது:

ஓட்டி நிறுத்தி மூடியைத் திறந்தேன். உஸ் சத்தம் வரவே இல்லை. மூடியின் ரப்பர் வளையம் ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. புதிது போட்டேன். இப்போது லேசாக உஸ் என்கிறது, ஆனால் அவ்வளவு பலமாக இல்லை. சின்ன டேங்க் முன்பைவிட மெதுவாகக் குறைகிறது, இருந்தாலும் குறைகிறது. என்ஜின் மூடிக்குள் ஆயில் வழிந்த அடையாளம் இல்லை.

சுக்கான் எழுதியது:

பாதி வழி வந்துவிட்டீர்கள். இனி அந்த செக் வால்வு. என்ஜின் பக்கம் கிராங்க் கேஸிலிருந்து அழுத்த ஹோஸ் புறப்படும் இடத்தில் இருக்கும். கிராங்க் கேஸின் ஆயில் கலந்த ஆவி நாள்தோறும் அதில் பட்டுப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். கழற்றி ஒரு துண்டு சுத்தமான ஹோஸ் மாட்டி ஊதிப் பாருங்கள். என்ஜின் பக்கத்திலிருந்து டேங்க் பக்கம் காற்று தடையில்லாமல் போக வேண்டும், எதிர்த்திசையில் போகவே கூடாது. இரு பக்கமும் போனாலும், எந்தப் பக்கமும் போகாவிட்டாலும் மாற்றுங்கள். திருப்பி மாட்டும்போது அம்புக்குறி எந்தப் பக்கம் என்று கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு படகு டேங்கின் அடியையும் பாருங்கள். ஆயிலை உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் எங்கே புகுந்தாலும் அடியில் போய் உட்காரும், அந்தக் குழாயும் அடியிலிருந்துதான் எடுக்கும். ஆகவே முதலில் ஏறுவது தண்ணீர்தான். ஆயில் மோர் நிறத்தில் கலங்கித் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டித் துடைத்துவிட்டுப் அவுட்போர்டுக்கான டிசி-டபிள்யூ3 தர ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள்.

கலங்கரை எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மோட்டார் சைக்கிளுக்குப் போடும் டூடி ஆயிலை இதில் ஊற்றலாமா? இரண்டுமே டூ ஸ்ட்ரோக்தானே?

நங்கூரம் எழுதியது:

வேண்டாம் நண்பரே. காற்றால் குளிரும் என்ஜினுக்கான ஆயிலில் சாம்பல் தரும் உலோகச் சேர்மானங்கள் இருக்கும், அந்த அதிக வெப்பத்துக்கு அவை தேவை. அவுட்போர்டு தண்ணீரால் குளிர்கிறது, சிலிண்டர் சூடு குறைவு. அந்தச் சேர்மானங்கள் முழுதாக எரியாமல் ரிங் பள்ளத்திலும் பிளக்கிலும் படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும். டிசி-டபிள்யூ3 சாம்பலில்லாத ஆயில். டப்பாவில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கலங்கரை எழுதியது:

நன்றி. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். என் என்ஜினில் பெட்ரோல் பம்பும் ஆயில் பம்பும் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன. ஆயில் தீரவில்லை, ஹோஸ் புதிது, ஆனாலும் ஆயில் வரவில்லை என்று அலாரம் அடிக்கிறது.

சுக்கான் எழுதியது:

ஓ.எம்.சி. கம்பெனி 1984-இல் தன் ஜான்சன், எவின்ரூட் என்ஜின்களில் கொண்டுவந்த வி.ஆர்.ஓ. வகை உங்களுடையது. கிராங்க் கேஸ் துடிப்பால் இயங்கும் டயஃப்ரம் பம்ப் அது. பெட்ரோலையும் ஆயிலையும் சேர்த்தே இழுத்துக் கலந்து அனுப்பும். அதனால் ஆயில் அலாரம் அடித்தாலும் பெட்ரோல் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். பெட்ரோல் டேங்க் மூச்சுத்துளை அடைப்பு, ஃபில்டர் அடைப்பு, உள்ளே உரிந்த ஹோஸ், சரியாகத் திறக்காத ஆன்டி-சைஃபன் வால்வு (டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வழியாமல் தடுப்பது), இவற்றில் எது இருந்தாலும் பம்பின் அடி சீராக இருக்காது. என்ஜின் எப்போதாவது கார்புரேட்டர் வழியாக வெடித்துத் திருப்பி அடித்திருந்தால், துடிப்பு வரும் வழியில் உள்ள லிமிட்டரையும் பாருங்கள். அது பம்ப் டயஃப்ரத்தைக் காக்கத்தான் இருக்கிறது, அதிலேயே கரி அடைத்துக்கொள்ளும்.

ஹோஸ் கிளாம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் பொருந்தும். ஆயில் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளியே ஆயில் கசியாது, உள்ளே காற்று ஏறும். கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது மாதிரிதான். சொட்டுக் கசிவு இல்லை என்பதால் ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். திருகு கிளாம்பை இறுக்கினால் மெல்லிய ஆயில் ஹோஸ் ஒரு பக்கம் மடிந்து, அந்த மடிப்பு வழியாகவே காற்று இழுக்கும். சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும் கிளாம்பை, கையேடு சொல்கிற வகையைப் போடுங்கள். ஒளி ஊடுருவும் ஹோஸ் மஞ்சளாகி வளைத்தால் மொறுமொறுவென்று இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

துடுப்பு எழுதியது:

செக் வால்வைக் கழற்றினேன் அண்ணா. ஊதினால் இரண்டு பக்கமும் மூச்சு அடைத்தது. உள்ளே கறுப்புப் பிசின், தீக்குச்சியால் சுரண்டினால் தார் மாதிரி வந்தது. புது வால்வு மாட்டினேன். ஓட்டி நிறுத்தி மூடியைத் தளர்த்தியதும் நல்ல சத்தத்தோடு காற்று வந்தது. இப்போது நேராக வழக்கம்போல ஓட்டலாமா?

சுக்கான் எழுதியது:

இன்னும் இல்லை. இரண்டு வேலை பாக்கி.

ஒன்று, ஏர் எடுப்பது. சின்ன டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு என்ஜினை ஐட்லிங்கில் ஓட விடுங்கள். ஆயில் ஏறி, மேலே இருக்கும் காற்றை வெளியே தள்ளி, விளிம்புக்கு வரும். வந்ததும் மூடியை நன்றாக இறுக்குங்கள். இறுக்க மறந்தால் படகு டேங்கிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும் ஆயில் முழுக்க என்ஜின் மூடிக்குள் கொட்டும். அப்புறம் என்ஜினை அணைத்துவிட்டு, பம்பில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கீழே துணியைப் பிடியுங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி இல்லாத ஆயில் வந்ததும் மூடிவிடுங்கள். பம்புக்குப் பிறகு உள்ள குழாயில் இருக்கும் காற்று என்ஜின் ஓடினால்தான் போகும், ஆகவே இந்த ஓட்டமும் கலந்த பெட்ரோலில்தான்.

இரண்டு, அளப்பது. இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். பம்ப் இழுக்கிறது என்று தெரியும், ஆனால் தேவையான அளவு கொடுக்கிறதா என்று இன்னும் தெரியாது. சின்ன டேங்க் நிறைந்திருக்க, படகு டேங்கின் பக்கத்தில் ஆயில் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் கோடு போடுங்கள். படகு சமமாக இருக்கும்போது போடுங்கள். 40 லிட்டர் பெட்ரோல் செலவாகும் வரை எல்லா வேகத்திலும் ஓட்டிவிட்டு வாருங்கள். மறுபடி அதே கோட்டுக்கு அளவு ஜாடியால் ஊற்றுங்கள். 50:1 என்றால் 800 மில்லி, 100:1 என்றால் 400 மில்லி. உங்கள் எண் இந்த இரண்டுக்கும் நடுவே, நீங்கள் ஓட்டிய வேகத்துக்கு ஏற்ப விழ வேண்டும். முழு வேகத்திலேயே ஓட்டியிருந்தால் 800 பக்கம் நெருங்க வேண்டும். உங்கள் மாடலுக்குக் கையேட்டில் வேறு விகிதம் இருந்தால் அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

குறைவாக வந்தால் உடனே பம்பைக் குற்றம் சொல்லாதீர்கள். த்ராட்டிலிலிருந்து பம்புக்கு வரும் லிங்க் ராடைப் பாருங்கள். பம்ப் லீவரிலும் உடலிலும் ஒரு கோடு இருக்கும். கையேடு சொல்கிற த்ராட்டில் நிலையில் இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். கார்புரேட்டரைச் சரி செய்தவர்கள் இதைத் திரும்ப ஒத்துப்பார்க்காமல் விடுவது வழக்கம், அதனால் ஆயில் குறைவாகப் போன என்ஜின்கள் நிறைய.

நங்கூரம் எழுதியது:

அண்ணன் சொன்ன அளவு முறை, பம்பிலிருந்து ஒரே வழியாக ஆயில் போகிற என்ஜினுக்கு முழுமையாகப் பொருந்தும். சில என்ஜின்களில் பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் இருக்கும். அங்கே மொத்தக் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்தாலும் ஒரு குழாய் அடைத்திருக்கலாம், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் அடிபடும். குழாய்களைத் தனித்தனியே கழற்றி, கலந்த பெட்ரோலில் ஓடவிட்டு, கையேடு சொல்லும் வேகத்தில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். அந்தக் குழாய்களில் உள்ள சின்ன ஒருவழி வால்வு ஒழுகினால் இன்னொரு தொல்லை வரும். நிறுத்தி வைத்த நாட்களில் ஆயில் மெல்ல கிராங்க் கேஸுக்குள் இறங்கி, அடுத்த ஸ்டார்ட்டில் புகை மண்டலமாகும், பிளக் நனைந்து ஒரு சிலிண்டர் அடிக்காது. அதைப் பார்த்து பம்ப் அதிகம் ஊற்றுகிறது என்று லீவரைக் குறைத்து வைத்துவிடாதீர்கள்.

துடுப்பு எழுதியது:

அளந்துவிட்டேன். 40 லிட்டருக்குக் கோடு வரை ஊற்றியது 650 மில்லி. பாதி நேரம் நல்ல வேகம், மீதி மெதுவாக. பம்ப் லீவர் கோடும் நேராக நிற்கிறது. ஓட்டம் முழுக்க சின்ன டேங்க் விளிம்பிலேயே இருந்தது, அலாரம் அடிக்கவில்லை. ஆறு பிளக்கும் ஒரே மாதிரி ஈரக் கறுப்பு, இரட்டை ஆயில் போனதால் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடல்காற்று எழுதியது:

நல்ல செய்தி. ஒரு கோட்டைப் போட்டு அளந்தாலே பம்பைப் பற்றி இவ்வளவு தெரிந்துவிடும் என்றால் நானும் அளந்து பார்த்துவிட்டுத்தான் இனி யாருக்கும் கழற்றச் சொல்வேன். துடுப்பு, அலாரம் அடித்தும் ஓட்டியிருக்கிறீர்களே, கம்ப்ரஷன் (சிலிண்டர்களில் ஏறும் அழுத்தம்) அளந்து பார்த்தீர்களா?

சுக்கான் எழுதியது:

கடல்காற்று கேட்டது சரியான கேள்வி. பிளக்கைக் கழற்றித்தான் வைத்திருக்கிறீர்கள், அப்படியே ஆறு சிலிண்டரும் பார்த்துவிடுங்கள். கில் ஸ்விட்ச் கயிற்றை எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துச் சுற்றுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பிளக் நுனியில் வெள்ளிப் பொடி மாதிரி மினுமினுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், அது பிஸ்டன் உருகிய அலுமினியம். ஆனால் உங்கள் விஷயத்தில் அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு. பம்புக்கு ஆயில் ஒரு போதும் நிற்கவில்லை, அது நிற்பதற்கு முன்பே ஹார்ன் சொல்லிவிட்டது.

துடுப்பு எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணா, ஆறும் நெருக்கமாகவே இருக்கின்றன. பிளக்கில் மினுமினுப்பு இல்லை. கலந்த பெட்ரோல் கேனில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்வது?

சுக்கான் எழுதியது:

மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பெட்ரோல் பழசாகிவிடும். ஆயில் கலக்காத பெட்ரோல் உள்ள டேங்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இப்போதே ஓட்டித் தீர்த்துவிடுங்கள். அது தீர்ந்ததும் புது பிளக் ஒரு செட் போடுங்கள். கழற்றிய பிளக்கைத் துடைத்துப் படகிலேயே மாற்றாக வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் டிசி-டபிள்யூ3யும் ஒரு அளவு ஜாடியும் எப்போதும் படகில் இருக்கட்டும். கடலில் திரும்பவும் ஆயில் ஏறாமல் போனால் சின்ன டேங்கில் கையால் ஊற்றிக்கொண்டே கரைக்கு வந்துவிடலாம்.